ராஜாவின் பிடரியில் ஒரு கோடு

கைக்கு வந்த பொருளைத் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க எனக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் வட்டிலின் அடியைப் பார்ப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டு, அவள் கொண்டுவந்து வைத்த செம்பின் பற்றவைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவள் சொல்வது பொய் இல்லை. அந்தப் பற்றவைப்பு மோசமாக இருந்தது.

இந்தப் புத்தியால் எனக்கு நல்லதும் நடந்திருக்கிறது. ஒரு தடவை தொழிலே போகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் காரைக்குடியில் தங்கம் வெள்ளி வேலை செய்த பத்தன். பட்டறை என் வீட்டில்தான் இருந்தது. ஆனால் பெரிய வீடுகளில் வெள்ளி உருக்குவதென்றால் நாங்கள்தான் அங்கே போக வேண்டும். அவர்கள் வீட்டு உள்முற்றமான வளவில், அவர்கள் கண் முன்னால், அவர்கள் வீட்டுக் கரியைப் போட்டு உருக்குவதுதான் முறை. கும்மட்டி அடுப்பையும் ஊதுகுழலையும் தூக்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு காசையும் கல்லில் சுண்டிச் சத்தம் கேட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ‘நல்லது’ என்று வாய்விட்டுச் சொல்லித்தான் மூசைக்குள் போட வேண்டும். மூசை என்பது வெள்ளி உருக்கும் மண்கிண்ணம். அதற்குள் போன காசு திரும்பி வராது. அதனால் அந்த ‘நல்லது’ என்ற சொல்லுக்குத்தான் எனக்கு மரியாதை. ஒரு வீட்டில் பத்தரின் அடுப்பை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றால், அந்தத் தெருவில் வேறெந்த வீட்டிலும் அது உள்ளே போகாது.

ஜெர்மன்காரனோடு முதல் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள் அவை. கடல் தாண்டிக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போனவர்கள் பினாங்கிலிருந்து திரும்பும்போது வெள்ளி டாலர்கள் கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜாவின் தலை, மறு பக்கம் கொடிப்பின்னல் நடுவே நமக்குத் தெரியாத எழுத்துகள். நம் ஊர்க் கடையில் அது செல்லாது. குடமாகவோ தட்டாகவோ மாறினால்தான் அதற்கு மதிப்பு.

நான் வழக்கமாக வேலை செய்த ஒரு வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். செட்டியார் பினாங்கில் இருந்தார். வீட்டை நடத்தியது அவர் மனைவி, ஆச்சி. ஐம்பது வயதை ஒட்டியவர், அதிகம் பேசமாட்டார், ஆனால் உருக்கும்போது மணை போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். மகளுக்குச் சீர்ச் சாமான் பரப்பிவைக்க வெள்ளிக்குடம் இரண்டு வேண்டும் என்று ஒரு தட்டு நிறைய டாலர் கொண்டுவந்து வைத்தார்.

முதல் நாளே அந்தக் காசு என் கையில் அகப்பட்டது. ராஜாவின் பிடரிக்குப் பின்னால், காசின் விளிம்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நுழைந்து, கழுத்தைத் தொடுவதற்கு ஒரு நெல் அளவு இருக்கும்போது நின்றுவிட்டிருந்தது. தலைமுடி அளவுதான். வெயில் சாய்ந்து விழுந்ததால் கண்ணில் பட்டது.

“இங்க பாருங்க ஆச்சி, ராசாவுக்குப் பிடரியில தழும்பு” என்றேன்.

ஆச்சி வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இது மாதிரி வேற காசு இருக்குமா பத்தரே?”

“உலகத்துலயே கிடையாது ஆச்சி. மனுசனுக்கு மச்சம் மாதிரி. இதை உருக்காதீக, தனியா வைங்க.”

அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெரிய வீட்டு ஆச்சி நம்மிடம் ஒன்று கேட்கும்போது தெரியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆச்சி அந்தக் காசைத் தனியாக வைத்ததோடு நிற்கவில்லை. டாலர்களை மஞ்சள் துணிப் பைகளில் போட்டுக் கழுத்தைக் கயிற்றால் கட்டி, பெட்டகத்தில் வைத்திருந்தார். பெட்டகத்தின் இன்னொரு சாவி வீட்டுக் காரியக்காரரிடம் இருந்தது. கணக்கு வழக்கு, வண்டி, ஆள் எல்லாம் பார்த்துக்கொண்டவர் அவர். அந்த வாரத்திலிருந்து ஆச்சி பை முடிச்சுகளின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, தழும்புக் காசின் தலைப் பக்கத்தை அதில் அழுத்தி முத்திரை வைக்கத் தொடங்கினார். வேறு யாரிடமும் இல்லாத காசு, ஆகவே வேறு யாராலும் வைக்க முடியாத முத்திரை. எனக்கு அதில் பெருமை. காரியக்காரருக்கு அன்றிலிருந்து என் முகத்தைக் கண்டாலே ஆகவில்லை.

குடங்களுக்கு வேண்டிய வெள்ளியை நாலைந்து தடவையாக உருக்கினேன். கடைசித் தடவையில் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஆச்சி என் எதிரே உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்து, வேண்டிய காசைத் தட்டில் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கட்டி அங்கேயே முத்திரை வைத்தார். நான் அதற்குள் வேறொரு அதிசயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். அந்த டாலர்களில் கடுகளவு எழுத்து ஒன்று உண்டு. சில காசுகளில் அது எழும்பியிருந்தது, சிலவற்றில் குழிந்திருந்தது. ஒரே ராஜா, ஒரே வருஷம், ஆனால் இந்த ஒன்று மட்டும் ஏன் இரண்டு விதம்? இதை ஆச்சியிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே காசுகளைச் சுண்டிச் சுண்டி மூசையில் போட்டேன். நடுவில் ஒரு காசு மொத்தையாகச் சத்தம் கொடுத்தது. மறுபடி சுண்டினேன், சரியாகத்தான் இருந்தது. ‘நல்லது’ என்றேன். சற்று நேரத்தில் அரக்கு தீயும் வாடை வந்தது. ஆச்சி முத்திரைக்கு உருக்கிய அரக்கு அடுப்பில் சொட்டியிருக்கும் என்று நினைத்து ஊதுவதைத் தொடர்ந்தேன்.

கல்யாணம் நடந்தது. குடங்கள் மகளோடு கானாடுகாத்தானுக்குப் போயின.

அதற்குப் பிறகு என் பட்டறையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. வெள்ளித் தகட்டில் பூ அடிப்பதற்கு என்னிடம் ஒரு வெண்கல அச்சு இருந்தது. தகட்டை அதன் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு போடு போட்டால் பூ விழும். ஒரு நாள் ஒரு அம்மா வந்து, “பூவுல முடி ஒட்டியிருக்கு, துடைச்சாலும் போகல” என்று திருப்பிக் கொடுத்தார். முடி இல்லை. இதழின் மேல் ஒரு மெல்லிய வரி, நகத்தை ஓட்டினால் தடுக்கியது. அச்சை எடுத்துப் பார்த்தேன். விரிசல் விட்டிருந்தது. அச்சில் பள்ளம் விழுந்தால் தகட்டில் மேடு வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டாம். ஆனால் எனக்குத் தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. ஆச்சியின் காசிலும் அந்தக் கோடு பள்ளம் இல்லை, மேடு! கீறல் என்றால் நகம் உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் அது காசுக்குப் பட்ட காயமே இல்லை. காசு அடித்த அச்சுக்குப் பட்ட காயம். அந்த அச்சில் அடித்த காசுகளுக்கெல்லாம் அதே தழும்பு இருக்கும். மச்சம், மண்ணாங்கட்டி என்றெல்லாம் நான் சொன்னது சுத்த உளறல்.

அந்த உடைந்த அச்சை நான் தூக்கிப் போடவில்லை. வேண்டுமென்றே இன்னும் நாற்பது ஐம்பது பூ அடித்துப் பார்த்தேன். முதல் பூவில் இதழோடு நின்ற வரி பத்தாவது பூவில் காம்புக்கு வந்தது, பிறகு விளிம்பைத் தாண்டியது. கடைசியில் அச்சு இரண்டாகப் பிளந்தது. என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊர்ல எல்லாரும் அச்சை வச்சுப் பூ செய்வாக, நீக பூவை வச்சு அச்சை உடைக்கிறீக” என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே நினைப்பு. ஆச்சியின் காசுக்கு உடன்பிறப்பு ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். பினாங்கிலிருந்து யார் வந்து இறங்கினாலும் போய் நின்றேன். நலம் விசாரித்துவிட்டு டாலரைக் காட்டச் சொல்வேன். மற்றவர்கள் ராஜா முகத்தைப் பார்த்தால் நான் பிடரியைப் பார்த்தேன். கிரீடத்தில் சிறு கொப்புளம் உள்ளது, எழுத்து இரட்டையாகத் தெரிவது, விளிம்பு ஒரு பக்கம் தடித்தது என்று எத்தனையோ விதம் பார்த்தேன். நான் தேடிய கோடு மட்டும் இல்லை. மூன்று மாதம் கழித்துத் திருப்பத்தூர்ச் சந்தையில், பினாங்கிலிருந்து வந்த ஒரு ஆளிடம் அது கிடைத்தது. மாடு வாங்க வந்திருந்தார். ஊரும் தெரியாது, பேரும் கேட்கவில்லை. காசின் எடைக்கு வெள்ளியும் மேலே ஒரு மூக்குத்தித் திருகும் கொடுத்து வாங்கினேன். அதே விளிம்பு, அதே இரண்டு எழுத்துக்கு நடுவே அதே கோடு. சந்தையில் நின்று நான் சிரித்ததைப் பார்த்து அந்த ஆள் தன்னை ஏமாற்றிவிட்டேனோ என்று பயந்துபோனார்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆச்சியிடம் ஓடினேன். நான் சொன்னது தப்பு, இதோ இன்னொன்று, உங்கள் முத்திரையை மாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். மனசு முழுக்கச் சந்தோஷம். தான் சொன்னது தப்பு என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆச்சி காசை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. எழுந்து உள்ளே போனார். முத்திரைக் காசு வைக்கும் பித்தளைச் சிமிழைத் திறந்தபடியே வெளியே வந்தார். சிமிழ் காலி. கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக முத்திரை வைத்தது, அதற்கப்புறம் பையைப் பிரிக்க வேலை இல்லை, சிமிழைத் திறக்கவும் இல்லை என்றார்.

காரியக்காரர் பக்கத்தில்தான் நின்றார். “இந்தக் காசோட அருமை இந்த வீட்டுல ஆச்சிக்கும் பத்தருக்கும்தானே தெரியும்” என்றார்.

“எடுத்தவன் கொண்டாந்து காட்டுவானாய்யா?” என்று கத்தினேன்.

“பயம் வந்தாக் காட்டுவான். யார்ட்ட வாங்குனீக, ஊரு பேரு சொல்லுங்க.”

மாடு வாங்க வந்தவர் என்றேன். எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. ஆச்சி என்னைத் திட்டவில்லை. காசை மடியில் முடிந்துகொண்டு, “இனிமே உங்க அடுப்பு இந்த வீட்டுக்கு வேண்டாம் பத்தரே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தெருவில் இறங்கினேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்?

வீட்டில் வந்து சுத்தி, குறடு எல்லாவற்றையும் விட்டெறிந்தேன். காசுகளைப் பார்ப்பதே இனி இல்லை என்று சத்தியம் செய்தேன். என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“காசு போச்சு, சரி. அதை வச்சு அழுத்துன முத்திரை எல்லாம் எங்க போச்சு?”

“பையில இருக்கும்.”

“அப்ப ஆச்சி காசோட முகம் அங்க அரக்குல இருக்குல்ல? நீக வாங்குனதும் அதுவும் ஒண்ணுதானான்னு வச்சுப் பாருங்களேன்.”

அவள் சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். சந்தையில் வாங்கிய காசில் கோடு கழுத்தருகே நிற்கவில்லை. கழுத்தின் மேலேறிக் காது வரைக்கும் போயிருந்தது. சந்தோஷத்தில் அதை அதிசயம் என்று ரசித்தேனே தவிர, அதுதான் என்னைக் காப்பாற்றும் என்று தோன்றவில்லை.

மறுநாள் காலையில் போனேன். காரியக்காரர் வாசலிலேயே மறித்தார். நான் உள்ளே வரவில்லை, அரக்கும் விளக்கும் பைகளும் மட்டும் இங்குட்டுக் கொண்டுவாருங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். ஆச்சி கேட்டுவிட்டு முகப்புக்கு வந்தார். நான் காசைத் தொடவில்லை. காரியக்காரரையே அரக்கை உருக்கச் சொல்லி, ஆச்சியையே காசை அழுத்தச் சொன்னேன். மூன்று பைகளின் முத்திரைகளையும் புது முத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழைய மூன்றிலும் கோடு கழுத்துக்கு முன்னால் நின்றிருந்தது. புதியதில் காது வரைக்கும் ஓடியிருந்தது.

“அதுக்கென்ன, கொண்டுபோய் மேல நீளமாக் கீறிட்டு வந்திருப்பீக” என்றார் காரியக்காரர்.

“நகத்தை வச்சுப் பாருங்க. கீறுனாப் பள்ளம் விழும். இது மேடு. இருக்குற வெள்ளியைச் செதுக்கி எடுக்கலாம், இல்லாத மேட்டைக் கீறி வரவழைக்க எந்தப் பத்தனாலயும் முடியாது.”

பிறகு மடியிலிருந்த பூக்களை எடுத்து வரிசையாக வைத்தேன். முதல் பூ, பத்தாவது பூ, கடைசிப் பூ. பிளந்த அச்சையும் வைத்தேன். ஆச்சி ஒவ்வொன்றின் மேலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். காசின் மேலும் ஓட்டினார். “அப்ப என் காசு மூத்தது. அச்சு இன்னும் கொஞ்சம் பிளந்த பிறகு அடிச்சது இது” என்றார். நான் நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். காசை என் கையில் கொடுத்து, “எப்பவும்போல வாங்க பத்தரே” என்றார். காரியக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். தெருவில் என் பெயர் முன்னைவிட ஏறியிருந்தது. ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? என் காசு ஆச்சியுடையது இல்லை, சரி. ஆச்சியின் காசு எங்கே?

நான்காம் நாள் பட்டறையில் வளையல் ஒன்றுக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி நெருப்பில் விழுந்து தீய்ந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றது. கடைசியாக உருக்கிய நாள். ஆச்சி என் எதிரே முத்திரை வைத்தார். காசைச் சிமிழில் போடவில்லை, தட்டின் ஓரத்தில் வைத்தார். மொத்தையாகச் சத்தம் கொடுத்த காசு, அரக்கு ஒட்டியிருந்த காசு. நான் கடுகளவு எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், ‘நல்லது’ என்று சொல்லி மூசைக்குள் போட்டேன். உலகத்திலேயே அந்தக் கோட்டை அறிந்த ஒரே தட்டான் நான். என் கையாலேயே போட்டேன்.

வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

“இப்பத்தான் ஊர் வாய் மூடியிருக்கு. நீங்களே போய்த் திறக்கப் போறீகளா?” என்றாள். “எடுக்கலன்னு நிரூபிச்சாச்சு. பாக்காம உருக்குனேன்னு சொன்னா, அப்புறம் உங்க ‘நல்லது’க்கு என்ன மதிப்பு?”

அவள் கேட்டது நியாயம். எடுத்தவன் என்று சொன்னால் அந்த ஒரு தெருவில்தான் வேலை போகும். பார்க்காமல் போடுகிறவன் என்று தெரிந்தால் ஊர் முழுக்கப் போகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் எழுந்து போனேன்.

ஆச்சி வளவில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. மொத்தைச் சத்தம், அரக்கு வாடை, என் வாய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். “உங்க காசு கானாடுகாத்தான்ல குடமா இருக்கு ஆச்சி. நான் பாக்கல” என்றேன்.

“அந்த வாடை எனக்கும் அடிச்சுச்சு” என்றார் ஆச்சி. “அன்னைக்கு முத்திரையெல்லாம் வரிசையா வச்சுப் பாத்தமே, அப்பவே நினைப்பு வந்துருச்சு. தட்டுல வச்சது நான். நீக வந்து சொல்றீகளான்னு அஞ்சு நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“வரலைன்னா?”

“அடுப்பு வெளியதான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீங்களும் சொல்லலையே ஆச்சி! ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருக்கலாமே. நான் இந்த ஒரு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறேன் என்பது உறைத்தது.

ஆச்சி கோபிக்கவில்லை. “சொல்லியிருக்கணும்” என்றார். “உங்களை வெளிய போகச் சொன்ன வாயால, தப்பு என்னுதுன்னு சொல்ல வரல.” காரியக்காரரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, காசைத் தட்டில் வைத்தது தான் என்றும், உருக்கியது பத்தர் என்றும், இரண்டு பேருமே பார்க்கவில்லை என்றும் சொன்னார். சந்தையில் வாங்கிய காசை எடுத்து நீட்டினேன், முத்திரைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி.

“ஒரே அச்சுல எத்தனை அடிச்சானோ, யார் யார் கையில இருக்கோ. அதை வச்சு என்ன முத்திரை?” என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஒரு தட்டு செய்வதற்குக் கூப்பிட்டார். அடுப்பைக் கொண்டுபோய் வளவில் வைத்தேன். ஆச்சி மணையை வழக்கம்போல எதிரே போடாமல் என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு காசையும் முதலில் அவர் வெயிலில் சாய்த்துப் பார்த்தார், நகத்தை ஓட்டினார், மேடா பள்ளமா என்று என்னைக் கேட்டார். அப்புறம் நான் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஏழு காசுதான் மூசைக்குள் போனது.